பெயர் குறிக்கப்படாத பெண்ணின் கரியோவியம்: அடையாளமின்மையை வாசிக்கும் நெறி

ஆய்வுச்சுருக்கம்

கரிக்கோலால் வரையப்பட்ட, பெயர் குறிக்கப்படாத பெண்ணுருவத்தைக் காணும் திறனாய்வு பெரும்பாலும் அவ்வுருவத்தை உடனே ஒரு குறியீடாக்கிவிடுகிறது. அவ்வாறு ஆக்கும்முன், பெயர் ஏன் இல்லை என்னும் வினாவை எழுப்ப வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அகமரபு வேண்டி விலக்கிய பெயர், வகைப்படுத்தும் பதிவுகள் புறக்கணித்த பெயர், ஓவியப் பயிற்சிக்கூடத்தில் உழைப்பாகக் கரைந்த பெயர் எனப் பெயரின்மை மூவகையாக இங்குப் பகுக்கப்படுகிறது. நெடுநல்வாடையில் தலைவி கோட்டோவியத்துக்கு ஒப்பிடப்படும் இடம், ஆல்பிரெக்ட் டியூரரின் கரியோவியம், அமிர்தா ஷெர்கில்லின் பாரிஸ் காலப் படைப்புகள் ஆகியவை சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: கரியோவியம், பெயரின்மை, அகமரபு, நெடுநல்வாடை, புனையா ஓவியம், ஓவிய மாதிரி, படக்குறிப்பு.

முன்னுரை

1977ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி மைதானத்தில் நடைபெற்று வருகிறது. அங்கு விற்பனையாகும் சிறுகதைத் தொகுதிகள், நாவல்கள், கவிதை நூல்கள் ஆகியவற்றின் அட்டைகளில் அடிக்கடி தென்படும் உருவங்களுள் ஒன்று, கறுப்புக் கோடுகளால் ஆன ஒரு பெண்முகம். தலை சற்றே தாழ்ந்திருக்கும். கண்கள் பார்வையாளரைப் பார்ப்பதில்லை. கூந்தல் ஒரே அழுத்தத்தில் இழுக்கப்பட்ட கரும்பரப்பாக இருக்கும். அட்டையின் உட்பக்கத்தில் ஓவியரின் பெயர் அச்சாகியிருக்கும். வரையப்பட்ட பெண்ணின் பெயர் இராது. தமிழ் வாசகர் பலருக்கு நவீன ஓவியத்தோடு ஏற்படும் முதல் பழக்கம் இத்தகைய அட்டைகள் வழியாகவும் இதழ்களில் கதையோடு இடம்பெறும் படங்கள் வழியாகவுமே அமைகிறது.

இவ்வகை ஓவியங்களைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: பெண்மையின் துயரம், தாய்மையின் கனிவு, காத்திருப்பின் வலி. இச்சொற்கள் பொய்யானவை என்று கூறிவிட இயலாது. ஆயினும் அவை எந்தப் பெண்ணோவியத்துக்கும் பொருந்துகின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை. குறிப்பிட்ட ஒரு தாளில், குறிப்பிட்ட ஓர் ஒளியில், குறிப்பிட்ட ஓர் உடல் அமர்ந்திருந்தது என்னும் செய்தி அதில் மறைந்துவிடுகிறது. பெயர் இல்லாமையே அம்மறைவுக்கு வசதி செய்து தருகிறது. ஆகவே பெயரின்மையை ஒரு வெற்றிடமாகக் கொள்ளாமல், காரணம் உடைய ஒரு நிகழ்வாகக் கொண்டு ஆராய்வது இன்றியமையாததாகிறது.

கரி: பொருளும் சொல்லும்

ஓவியக் கரி என்பது வில்லோ, திராட்சைக்கொடி போன்றவற்றின் மெல்லிய கிளைகளைக் காற்றுப் புகாத கலத்தில் இட்டுச் சுட்டுப் பெறப்படுவது. மை தாளின் இழைகளுக்குள் ஊறுகிறது. கரித்துகளோ தாளின் சொரசொரப்பில் ஒட்டிக்கொண்டு மேலாகவே நிற்கிறது. விரலால் தேய்த்தால் படரும்; துணியால் தட்டினால் உதிரும்; பிசைந்த ரப்பராலோ ரொட்டித் துண்டாலோ ஒற்றினால் மேலெழும். அதனால் கரியோவியத்தில் நீக்குதலும் வரைதலின் ஒரு பகுதியே. நெற்றியின் ஒளியும் கன்னத்தின் மேடும் பலவேளை கரியைப் பூசி, பின் அதனை எடுத்துப் பெறப்படுகின்றன. எடுத்த இடத்திலும் மங்கலான தடம் எஞ்சும். முதலில் உயர்த்தி வரைந்து பின்னர் தாழ்த்திய தோள், முன்பு இருந்த இடத்தைச் சாம்பல் நிறக் கோடாகக் காட்டிக்கொண்டிருக்கும். பூச்சுப் பசை தெளித்து நிலைப்படுத்தாவிடின் ஓவியமே அழியக்கூடும்.

இப்பண்புகள் வாசிப்புக்கு இரு செய்திகளைத் தருகின்றன. ஒன்று, கரியோவியம் பார்த்தலின் கால ஓட்டத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. கை எங்கே விரைந்தது, எங்கே தயங்கியது, எதைத் திருத்தியது என்பன தாளிலேயே கிடைக்கின்றன. மற்றொன்று, ஓவியர் ஒருவரைக் கண்டு வரைந்தாரா, பழகிய கையால் ஒரு வாய்பாட்டை வரைந்தாரா என்பதைப் பிரித்தறிய அத்திருத்தங்களே துணை செய்கின்றன. முன்னால் இருக்கும் உடலோடு கோடு முரண்பட்டபோது ஓவியர் கோட்டை மாற்றுகிறார். வாய்பாட்டை வரைபவருக்கு அத்தகைய தேவை குறைவு.

தமிழில் 'கரி' என்னும் சொல்லுக்குச் சான்று, சாட்சி என்னும் பொருளும் உண்டு. திருக்குறளில் இச்சொல் அப்பொருளில் ஆளப்பட்டுள்ளது. பொய்ச்சாட்சியைப் பழைய வழக்கு 'பொய்க்கரி' என்று குறித்தது. எரிந்த மரத்துண்டைக் குறிக்கும் சொல்லும் சாட்சியைக் குறிக்கும் சொல்லும் ஒரே வடிவில் அமைந்தமையை ஒலியொப்புமை என்று மட்டுமே கொள்ளலாம். சொற்பிறப்பியல் உறவு எதையும் அதன்மேல் ஏற்றத் தேவையில்லை. எனினும் திறனாய்வுக்கு அது ஒரு பயனுள்ள அளவுகோலைத் தருகிறது. கரியோவியம் எதற்குச் சாட்சி சொல்கிறது என்று வினவும்போது, உருவத்தின் அழகைப் பற்றிய பேச்சு ஓர் உடனிருப்பைப் பற்றிய விசாரணையாக மாறுகிறது.

அகமரபின் பெயரின்மை

பெயர் சொல்லாமையை ஒரு கோட்பாடாகவே வகுத்த மரபு தமிழுக்கு உண்டு. மக்களைப் பாடுபொருளாகக் கொண்ட அன்பின் ஐந்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்போர் அகப்பாடல்களில் பெயரின்றி வருவது இதனாலாகும். இங்கே பெயர் விலக்கப்படுவதன் நோக்கம் ஒருவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அனுபவம் யாருடையதாகவும் இருக்கலாம் என்னும் பொதுமையையும், காதலுக்கு உரியவரை ஊர்ப்பேச்சிலிருந்து காக்கும் மறைவையும் அது தருகிறது. ஆண், பெண் இருவருக்கும் இவ்விதி ஒத்த அளவில் பொருந்துகிறது என்பதும் கருதத்தக்கது.

இவ்விதியின் வலிமையும் எல்லையும் ஒருங்கே புலப்படும் நூல் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இது 188 அடிகளைக் கொண்டது. பாசறையில் இருக்கும் அரசனைப் பிரிந்து அரண்மனைக் கட்டிலில் கிடக்கும் தலைவியை நக்கீரர் 'புனையா ஓவியம்' என்னும் உவமையால் காட்டுகிறார். நச்சினார்க்கினியர் இதற்கு, வண்ணம் கொண்டு எழுதாமல் வடிவை மட்டும் கோடாக வரைந்த சித்திரம் என்னும் கருத்துப்பட உரை கூறுகிறார். பெயர் கூறப்படாத பெண்ணைக் கோட்டோவியமாகக் காணும் பார்வைக்குத் தமிழில் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் இது தலையாயது.

இவ்வுவமை தனித்து நிற்கவில்லை. அதற்குமுன் வரும் அடிகள் ஒரு நீக்கல் வரிசையாக அமைகின்றன. காதில் நீண்ட குழைகள் களையப்பட்டு, சிறிய அணி மட்டும் எஞ்சியிருக்கிறது. பொன்வளை அழுத்தித் தழும்பாக்கிய முன்கையில் இப்போது சங்குவளையும் காப்புநூலும் உள்ளன. இடையில் இருப்பது மாசேறிய நூற்கலிங்கம். அணிகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்ட பின்னரே ஓவிய உவமை வருகிறது. புலவர் தலைவியை வரைந்த முறை, சேர்த்தலைக் காட்டிலும் எடுத்தலால் ஆனது. அகற்றப்பட்ட வளை கையில் தழும்பை விட்டுச் சென்றிருப்பது, அழிக்கப்பட்ட கரிக்கோடு தாளில் விட்டுச் செல்லும் தடத்தைப் போன்றது. அத்தழும்பு இல்லாதிருந்தால் இப்பெண் எவளோ ஒருத்தி. தழும்பு இருப்பதால் அவளுக்கு ஒரு முன்வாழ்வு கிடைக்கிறது.

அதே காட்சியில் மற்றோர் ஓவியமும் உண்டு. கட்டிலின் மேற்கட்டியில், மெழுகு பூசிய திரைமேல், விண்மீன் மண்டிலமும் திங்களைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளனர். தலைவி அவ்வுரோகிணியை நினைந்து நோக்கிப் பெருமூச்செறிகிறாள். மேலே, நிறைவாகச் செய்யப்பட்ட ஓவியத்தில் பெயருடைய பெண். கீழே, புனையா ஓவியமாகப் பெயரில்லாப் பெண். மேலே உள்ளவள் கூடியிருக்கிறாள். கீழே உள்ளவள் பிரிந்திருக்கிறாள். பார்ப்பவளோ பெயரில்லாதவள்தான். நவீன கரியோவியங்களில் பெண் பெரும்பாலும் பார்க்கப்படும் பொருளாகவே நின்றுவிட, நெடுநல்வாடைத் தலைவி தானே ஓர் ஓவியத்தின் வாசகியாகவும் இருக்கிறாள். பெயர் இல்லாமலே ஒருத்தியை அகவாழ்வு உடையவளாகக் காட்ட இயலும் என்பதற்கு இது சான்று.

இனி எல்லை. போர்க்களத்துக் காட்சியில் வேப்பந்தழை கட்டிய வேல் ஒன்று குறிப்பிடப்படுகிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூவாகலின் பாட்டுடைத் தலைவன் சுட்டப்பட்டுவிட்டான் என்றும், ஆதலால் இப்பாட்டு அகமாகாது புறமாயிற்று என்றும் நச்சினார்க்கினியர் கொண்டார். ஒரு தழையளவு அடையாளம் ஒரு நூலின் திணையையே மாற்றிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், அந்த அடையாளம் அரசனுக்கே கிடைக்கிறது. திணை மாறிய பின்னரும் கட்டிலில் கிடப்பவள் பெயரில்லாமலேயே தொடர்கிறாள்.

வகைமையின் பெயரின்மை

அகமரபின் பெயரின்மையோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மற்றொன்று, குடியேற்ற ஆட்சிக்காலப் பதிவுகளில் உருவானது. தஞ்சாவூரிலும் பிற இடங்களிலும் ஐரோப்பியர்க்காக வரையப்பட்ட கம்பெனிப் பாணி ஓவியங்களில் ஆணும் பெண்ணும் இணையாக நிற்பர். கீழே சாதியோ தொழிலோ எழுதப்பட்டிருக்கும். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்தியாவின் மக்கள்' என்னும் ஒளிப்படத் திரட்டும், சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் க. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்' என்னும் நூலும் இதே நோக்கை அறிவியல் என்னும் பெயரால் விரிவாக்கின. முகம் ஒரு மாதிரிக்கூறாகியது. படத்தில் நிற்கும் பெண்ணுக்குப் பெயர் இருந்தது, கேட்டால் சொல்லியிருப்பாள். பதிவின் நோக்கத்துக்கு அப்பெயர் தேவைப்படவில்லை.

அகப்பாடலில் பெயர் நீங்குவதால் வாசகர் தலைவியின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க முடிகிறது. வகைமைப் பதிவில் பெயர் நீங்குவதால் பார்வையாளருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையே தொலைவு கூடுகிறது. ஒரே இன்மை, எதிரெதிர் விளைவுகள். இன்றும் ஒரு கரியோவியத்துக்குக் 'கிராமத்துப் பெண்', 'மலைவாழ் பெண்' எனத் தலைப்பிடும்போது அது எவ்வகைப் பெயரின்மையைத் தொடர்கிறது என்று வினவுவது தகும். அத்தகைய தலைப்பு அகமரபின் பொதுமையைப் போலத் தோன்றினாலும், அமைப்பில் அருங்காட்சியகச் சீட்டையே ஒத்திருக்கிறது.

உழைப்பின் பெயரின்மை

மூன்றாவது வகை ஓவியக் கல்வியோடு பிறந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் முன்னோடி. தொடக்கத்தில் கைத்தொழிற் பயிற்சிக்கு முதன்மை தந்த அந்நிறுவனம், 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றபின் நுண்கலைப் பயிற்சியை நோக்கித் திரும்பியது. உயிருள்ள உடலை நேரில் கண்டு வரையும் பயிற்சி நுண்கலைப் பள்ளிகளின் பாடத்தில் இன்றியமையாதது. அதற்கு உகந்த கருவி கரிக்கோல். அப்பயிற்சிக்காகக் கூலிக்கு அமரும் ஆணும் பெண்ணும் இல்லாமல் அக்கல்வி நடவாது. அசையாதிருத்தல் கடினமான உழைப்பு. மரத்துப்போகும் கால், வலிக்கும் இடுப்பு, நெடுநேரம் ஒரே புள்ளியில் நிற்கும் பார்வை ஆகியவை அதன் விலை. மாணவரின் கரியோவியத்தில் கண்கள் தாழ்ந்திருப்பதைச் சோகத்தின் குறியீடாகக் காணும் திறனாய்வாளர், அது களைப்பாகவும் இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்களைப்பையே பொருளாக்கியவர் அமிர்தா ஷெர்கில் (1913–1941). பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் லூசியன் சிமோனிடம் பயின்ற ஆண்டுகளில் அவர் கரிக்கோலால் மனித உடல் வரைவுகள் பலவற்றைச் செய்தார். அப்பயிற்சியின் பின்புலத்தில் 1933இல் அவர் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் 'தொழில்முறை மாதிரி'. தளர்ந்த உடலும் சோர்ந்த முகமும் கொண்ட பெண்ணை அது காட்டுகிறது. பெயர் அங்கும் இல்லை. ஆனால் தலைப்பு அவரது தொழிலைச் சொல்லிவிடுகிறது. அவர் அங்கே அமர்ந்திருப்பது கூலிக்காக என்னும் உண்மை மறைக்கப்படவில்லை. இதே ஓவியர் தென்னிந்தியப் பயணத்தின்பின் 1937இல் வரைந்த ஓவியம் ஒன்றுக்குச் 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்பது தலைப்பு. பாரிஸில் தொழிலால் சுட்டப்பட்ட பெண், இங்கு நிலப்பரப்பால் சுட்டப்படுகிறாள். ஓவியரின் பரிவில் ஐயம் கொள்ள இடமில்லை. எனினும் தலைப்பிடும் மரபு ஓவியரின் பரிவையும் மீறிச் செயற்படுவதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

தமிழ்ச் சூழலில் கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் இதனோடு ஒப்புநோக்கத் தக்கவை. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி வரிசையில், கோடு எவ்வளவு சிதறினாலும் உருவம் யாருடையது என்பது மாறுவதில்லை. வரலாற்றில் பதிந்த பெயர் கோட்டுக்குச் சுதந்திரம் தருகிறது. பெயரற்ற உருவத்துக்கு அத்தகைய காப்பு இல்லை. கோடு சிதறும் அளவுக்கு அவளும் சிதறுகிறாள். ஆதலின் பெயரற்ற பெண்ணை வரையும் கைக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. வாசிக்கும் கண்ணுக்கும் உண்டு.

பெயர் சேர்ந்தால் நிகழ்வது

பெயர் ஒரு கரியோவியத்தின் வாசிப்பை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல் வரைந்த முதிய பெண்ணின் ஓவியம் தெளிவான சான்று. பெர்லினில் பாதுகாக்கப்படும் அத்தாளில் எலும்பு துருத்திய நெற்றியும் குழிந்த கன்னமும் இறுகிய உதடும் கரியால் வரையப்பட்டுள்ளன. இவர் தம் தாய் என்றும், அகவை 63 என்றும் டியூரர் அதிலேயே எழுதினார். அதே ஆண்டு மே மாதம் தாய் இறந்தபின், அச்செய்தியை மையால் சேர்த்தார். எழுத்தை மறைத்துப் பார்த்தால் முதுமையின் குறியீடாக வாசிக்க எளிதான ஒரு முகம் தெரியும். எழுத்தோடு பார்த்தால், இறப்பை நெருங்கும் பார்பரா என்னும் தாயை மகன் உற்றுநோக்கிய ஒரு நாள் தெரியும். கோடு மாறவில்லை, அதன் சாட்சியம் மாறிவிட்டது. நெடுநல்வாடையில் வேப்பந்தழை செய்த வேலையை இங்கே சில வரி எழுத்து செய்கிறது.

எனினும் பெயர் மட்டும் போதுமானதன்று. அதே டியூரர் 1521இல் ஆண்ட்வெர்ப்பில் வெள்ளி முனையால் வரைந்த ஆப்பிரிக்கப் பெண்ணின் ஓவியத்தில் கத்தரீனா என்ற பெயரும் இருபது என்ற அகவையும் எழுதப்பட்டுள்ளன. அவர் போர்த்துக்கேய வணிக முகவர் ஒருவரின் வீட்டில் பணிசெய்தவர். கத்தரீனா என்பது கிறித்தவப் பெயர். அவருடைய முன்னோரின் மண்ணுக்கு உரியதன்று. பெயர் எழுதப்படுதலும் ஓர் உரிமையாளரின் மொழியில் நிகழக்கூடும் என்பதை இது நினைவூட்டுகிறது. ஆகவே பெயரைக் கண்டெடுப்பதோடு ஆய்வு முடிவதில்லை; அப்பெயரை இட்டவர் யார் என்னும் வினாவும் தொடர்கிறது.

இத்தகைய ஆய்வு பயன் தரும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2019இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் கறுப்பின மாதிரிகளைப் பற்றிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. மாரி கியேமின் பெனுவா 1800இல் காட்சிக்கு வைத்த, இனப்பெயரால் மட்டுமே வழங்கிவந்த உருவ ஓவியம் அதில் 'மத்லேனின் உருவப்படம்' எனப் பெயர் மாற்றிக் காட்டப்பட்டது. எதுவார் மானேயின் 'ஒலிம்பியா'வில் பூங்கொத்தோடு நிற்கும் பணிப்பெண்ணாக அமர்ந்தவரின் பெயர் லோர் என்பதை மானேயின் குறிப்பேடே வைத்திருந்தது. பெயர்கள் பலவேளை அழிந்துபோவதில்லை; தேடப்படாமல் கிடக்கின்றன.

வாசிப்பு நெறி

மேற்கண்டவற்றால் பெயர் குறிக்கப்படாத பெண்ணின் கரியோவியத்தை அணுகுவதற்கு ஒரு வரிசைமுறை புலப்படுகிறது. முதலில் கோட்டின் சான்று: திருத்தங்கள் எங்கே உள்ளன, கைகளும் காதுகளும் அவருக்கே உரிய தனித்தன்மையோடு வரையப்பட்டுள்ளனவா, உடையும் அணியும் எதைத் தெரிவிக்கின்றன என்பன. அடுத்துச் சூழலின் சான்று: ஓவியம் வகுப்பறையிலா, தெருவிலா, வீட்டிலா, நினைவிலிருந்தா வரையப்பட்டது, பெயரை எழுதியிருக்கக் கூடியவர் யார், எழுதாமைக்கு அவருக்கிருந்த காரணம் யாது என்பன. இவ்விரண்டின் பின்னரே குறியீட்டு விளக்கம் வருதல் வேண்டும். வரிசை மாறினால் குறியீடு சான்றை விழுங்கிவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஓவியம் ஆவணமன்று, பெயரைத் தேடுவது கலையனுபவத்தை வாழ்க்கைக் குறிப்பாகச் சுருக்கிவிடும் என்பது அம்மறுப்பு. அகமரபே அதற்கு விடை தருகிறது. பெயர் கூறாமை அங்கே ஒரு தெரிவு. அத்தெரிவைக் கவிஞரும் வாசகரும் அறிந்தே ஏற்றனர். பெயர் விலக்கப்பட்டது என்று அறிந்து வாசிப்பதற்கும், பெயர் இருந்திருக்கக் கூடும் என்றே எண்ணாமல் வாசிப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது கலையனுபவத்தை ஆழப்படுத்துகிறது. பின்னது ஒரு புறக்கணிப்பைக் கலையனுபவம் என்று எண்ணிக்கொள்கிறது. ஓவியரின் கற்பனையில் மட்டுமே பிறந்த உருவமாயின், அம்முடிவுக்கும் கோட்டின் சான்றே வழிகாட்டும்.

நிறைவுரை

பெயரின்மை ஒரே தன்மையதன்று என்பதும், அதன் வகையை அறியாமல் செய்யப்படும் குறியீட்டு வாசிப்பு குறைபட்டது என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன. இதன் நடைமுறைப் பயன் படக்குறிப்புகளில் தொடங்கலாம். கல்லூரி ஓவியத் தொகுப்புகளிலும் நூல் அட்டைகளிலும் கண்காட்சிப் பட்டியல்களிலும் 'பெயர் தெரியாத பெண்' என்று எழுதும் வழக்கம் உள்ளது. அதற்கு மாற்றாகப் 'பெயர் பதிவு செய்யப்படவில்லை' என்று எழுதலாம். முன்னைய தொடர் குறையை அப்பெண்ணிடம் வைக்கிறது. பின்னையது பதிவு செய்தவரிடம் வைக்கிறது. இன்று ஓவிய மாதிரியாக அமர்பவர்களின் பெயரை, அவர்கள் இசைந்தால், தாளின் பின்புறம் எழுதிவைப்பதும் இயலாத செயலன்று. அவர்கள் இசையாவிடின் அம்மறுப்பே பெயரின்மையின் காரணமாகப் பதிவாகட்டும். அது அகமரபு மதித்த மறைவுக்கு அணுக்கமானது. எதிர்கால ஆய்வாளர் அத்தாளைக் கையில் எடுக்கும்போது, வரைந்தவரைப் போலவே வரையப்பட்டவரும் அங்கே இருந்தார் என்பதற்குக் கரியும் எழுத்தும் சேர்ந்து சான்றளிக்கும்.